கல்லூரி விளையாட்டும் பத்திரிகை நிருபரும்



பந்தயம் முடிந்தவுடன் வென்ற அணியின் தலைவனை நிருபர்கள் சூழ்ந்துகொள்வதும், அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இரண்டொரு வார்த்தை கூறுவதும் நாம் அடிக்கடி காணும் காட்சி. அவன் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவனாயின் இதில் ஆராய்வதற்கு அதிகமில்லை. ஆனால் அவன் ஒரு கல்லூரி மாணவனாயின் நிலைமை வேறு. காலையில் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கிறான். மாலையில் ஆயிரமாயிரம் பேர் கண்டு ஆரவாரிக்கும் ஆட்டக்காரனாகிறான். அவனிடம் நிருபர் எப்போது பேசலாம்? யாருடைய அனுமதி பெற்றுப் பேசலாம்? பேசுவதற்கு அவனே விரும்பி, கல்லூரி தடுத்தால் அது முறையாகுமா? இவ்வினாக்களுக்கு நூறாண்டுக்கும் மேலாக விடை தேடி வருவது அமெரிக்க ஐக்கிய நாடு. அந்த வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே கல்லூரி விளையாட்டு ஒரு பெரும் பொது விழா. மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் ஆடுகளத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேருக்கு மேல் அமரலாம். அவர்கள் ‘புட்பால்’ என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும், எதிரிகளை மோதித் தள்ளியும் ஆடும் கடுமையான ஆட்டம் அது. இவ்வரலாற்றின் பெரும்பகுதி அந்த ஆட்டத்தைச் சுற்றியே நிகழ்ந்தது.

தொடக்கத்திலேயே கல்லூரி விளையாட்டும் விளம்பரமும் கைகோத்துக்கொண்டன. 1852-ஆம் ஆண்டு ஹார்வர்டு, யேல் ஆகிய இரு கல்லூரி மாணவர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றில் படகுப் போட்டி நடத்தினார்கள். அந்நாட்டின் கல்லூரிகளுக்கிடையே நிகழ்ந்த முதல் விளையாட்டுப் போட்டி அதுவே. அதற்குச் செலவு செய்தது ஓர் ரயில்வே கம்பெனி. தன் வண்டிகளில் பயணிகளை ஈர்ப்பதே அதன் நோக்கம். 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் முதல் ‘புட்பால்’ பந்தயம் ஆடின. பிறகு ஆட்டம் விரைவில் பரவிற்று. யேல் கல்லூரியின் வால்ட்டர் கேம்ப் அதன் விதிகளை வகுத்தவர்களில் தலையாயவர், அவரே பயிற்சியாளர், அவரே பத்திரிகை எழுத்தாளர். நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுத்து வெளியிடும் வழக்கம் 1889-இல் தொடங்கியபோது அதிலும் அவருக்குப் பங்கிருந்தது. ஆடுவிப்பவரும் அதைப் பற்றி எழுதுபவரும் ஒருவரேயானால், வெளியாருக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையும் அவரே முடிவு செய்வார் அல்லவா?

ஆயினும் வெளியாரின் கண்ணை முற்றிலும் மறைக்க முடியவில்லை. 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வாட்டத்தால் நேர்ந்த மரணங்களைச் ‘சிக்காகோ டிரிபியூன்’ பத்திரிகை எண்ணி வெளியிட்டது. பள்ளி மாணவர்களும் உட்பட 18 பேர் என்பது அதன் கணக்கு. ஆட்டத்தின் முரட்டுத்தனத்தைப் பற்றிய கூக்குரல் அதற்கு முன்பே எழுந்திருந்தது. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவ்வாண்டு அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் விதிகள் திருத்தப்பட்டன. கல்லூரிகளின் சங்கம் ஒன்றும் பிறந்தது. அச்சங்கமே 1910 முதல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரில் இயங்கி வருகிறது. பத்திரிகைகள் பார்த்ததனால் மாணவர்களின் உயிர் காக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு மீண்டும் வருவோம்.

அடுத்த கட்டத்தில் கல்லூரிகள் பத்திரிகைகளை வலிந்து அழைக்கத் தொடங்கின. இக்கலையில் வல்லவர் நோத்தர் டேம் பல்கலைக் கழகத்தின் பயிற்சியாளர் நூட் ராக்னி. 1918 முதல் 1930 வரை அவர் அப்பதவியில் இருந்தார். அணியைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பவென்றே ஒரு மாணவரை உதவியாளராக அமர்த்திக்கொள்வது அவர் வழக்கம். 1924 அக்டோபர் 18-ஆம் நாள் நியூயார்க்கில் ராணுவக் கல்லூரி அணியை எதிர்த்து நோத்தர் டேம் ஆடியது. அப்போது உதவியாளராயிருந்தவர் ஜார்ஜ் ஸ்ட்ரிக்ளர் என்னும் மாணவர். உலகின் அழிவைக் குறிக்கும் நான்கு குதிரை வீரர்களைப் பற்றிய திரைப்படம் ஒன்றைச் சில நாட்களுக்கு முன்னர் அவர் பார்த்திருந்தார். இடைவேளையில், தம் அணியின் முன்னணி ஆட்டக்காரர் நால்வரும் அந்த வீரர்களைப் போலவே இருப்பதாக நிருபர்கள் காதில் விழும்படி கூறினார். அங்கிருந்த கிராண்ட்லாண்ட் ரைஸ் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் மறுநாள் தம் கட்டுரையை அந்த உவமையைக் கொண்டே தொடங்கினார். ஸ்ட்ரிக்ளரோ ஊர் திரும்பியதும் நான்கு குதிரைகளை வாடகைக்குப் பிடித்து, ஆட்டக்காரர் நால்வரையும் சீருடையோடு அவற்றின்மேல் ஏற்றிப் படம் எடுக்கச் செய்தார். அப்படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வெளிவந்தது. அந்த நால்வரும் அன்று முதல் கதை மாந்தர் போலாகிவிட்டனர்.

இந்த நிகழ்ச்சியை வேடிக்கையாக மட்டும் கொள்ளலாகாது. நிருபருக்கு எது தெரிய வேண்டும், எந்தப் படம் கிடைக்க வேண்டும் என்பதைக் கல்லூரியே திட்டமிட்டு அளிக்கும் முறை இதில் முளைவிட்டது. 1929-இல் கார்னெகி கல்வி நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரி விளையாட்டு வாணிபமாகி வருவதைக் கடிந்த அவ்வறிக்கை, பத்திரிகைகளுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் எழுதியிருப்பது கவனிக்கத் தக்கது.

இதற்கிடையே வானொலி வந்தது. 1921 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்து நிலையம் ஒன்று முதன்முதலாகக் கல்லூரிப் ‘புட்பால்’ பந்தயத்தை ஒலிபரப்பியது. 1939-இல் நியூயார்க்கில் ஒரு பந்தயம் தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. அன்று அதைக் கண்டவர் மிகச் சிலரே. ஆனால் 1950-ஐ ஒட்டி வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி புகுந்தபோது கல்லூரிகளுக்கு அச்சம் பிறந்தது. வீட்டிலிருந்தே ஆட்டம் காணலாமென்றால் சீட்டு வாங்கி ஆடுகளத்துக்கு யார் வருவார்கள்? ஆகவே தேசியச் சங்கம் எத்தனை பந்தயங்களைக் காட்டலாம் என்று கட்டுப்பாடு விதித்தது. ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக் கழகங்கள் இதை எதிர்த்து வழக்காடின. 1984-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற நீதிபதிகளின் வாக்கால் அக்கட்டுப்பாடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. அதன் பின் ஆட்டத்தைப் படம் பிடிக்கும் உரிமை பெரும் விலைக்கு விற்கப்படும் சரக்காயிற்று. பயிற்சியாளர்களும் சொந்த நிகழ்ச்சிகள் நடத்தலாயினர். அலபாமாவில் 1958 முதல் 1982 வரை பயிற்சியாளராயிருந்த பால் பிரையண்ட் நடத்திய வாராந்தரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் குளிர்பானக் கம்பெனியும் உருளைக்கிழங்கு வறுவல் கம்பெனியும் ஆதரவளித்தன. அத்தகைய மேடையில் பயிற்சியாளரைச் சங்கடப்படுத்தும் கேள்வி எழ இடமேது?

விலை கொடுத்தவருக்கும் விருந்தினருக்கும் மட்டுமே வாயில் திறக்குமானால் என்ன இழப்பு என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை 1951 அக்டோபர் 20-இல் கிடைக்கிறது. அயோவா மாநிலத்து டிரேக் பல்கலைக் கழக அணி, ஓக்லஹாமாவிலுள்ள ஸ்டில்வாட்டர் ஊருக்குச் சென்று அங்குள்ள வேளாண்மைக் கல்லூரியோடு ஆடியது. டிரேக் அணியின் நட்சத்திரம் ஜானி பிரைட் என்னும் கறுப்பின மாணவர். அவரைக் குறிவைத்துத் தாக்குவார்கள் என்று முன்பே வதந்தி உலவியது. ‘டி மாயின் ரிஜிஸ்டர்’ என்னும் பத்திரிகையின் புகைப்படக்காரர்களான ஜான் ராபின்சன், டான் அல்டாங் இருவரும் தங்கள் காமிராவைப் பிரைட்டின்மீதே நாட்டியிருந்தனர். ஆட்டம் தொடங்கிய ஏழு நிமிடங்களுக்குள் பிரைட் மூன்று முறை நினைவிழந்து விழுந்தார்; அவருடைய தாடை எலும்பு முறிந்தது. பந்து அவர் கையை விட்டுப் போய் நெடுநேரம் ஆன பிறகே எதிரணியினன் அவர் முகத்தில் மோதினான் என்பதை வரிசையாக எடுத்த படங்கள் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டின. நடுவர்கள் அதைத் தவறென்று அறிவிக்கவில்லை. கல்லூரிகளின் வட்டாரக் கூட்டமைப்பும் நடவடிக்கை எடுக்கவில்லை. டிரேக் அக்கூட்டமைப்பை விட்டு வெளியேறியது. படங்களுக்கு 1952-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தாக்கிய அணியின் பல்கலைக் கழகம் 2005-இல் தான் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காமிரா இல்லாதிருந்தால் ‘ஆட்டத்தில் நேர்ந்த காயம்’ என்ற ஒரு வரியோடு அச்செய்தி முடிந்திருக்கும்.

இதனால் நிருபர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. 1963-இல் ஒரு புகழ்பெற்ற வாரப் பத்திரிகை, ஜார்ஜியா பல்கலைக் கழக விளையாட்டு இயக்குநர் வாலி பட்ஸ் என்பவர் தம் அணியின் இரகசியங்களை எதிரணிப் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் கூறிவிட்டதாக எழுதிற்று. தற்செயலாகப் பேச்சைக் கேட்டதாகச் சொன்ன ஒருவரின் கூற்றை நன்கு சோதிக்காமலே அதை வெளியிட்டுவிட்டனர். பட்ஸ் வழக்குத் தொடர்ந்தார். 1967-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 4,60,000 டாலர் நஷ்டஈடு அளித்த தீர்ப்பை உறுதி செய்தது. நிருபரைக் கண்டால் பயிற்சியாளர்கள் எச்சரிக்கையாயிருப்பதற்கும் நியாயம் இருந்தது என்பதை இவ்வழக்கு விளக்கும்.

இவ்விரு நிலைகளுக்கும் நடுவே ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. கல்லூரிகளில் விளையாட்டுச் செய்தி அலுவலர் என்ற பதவி பரவியது. அவர்கள் 1957-இல் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய முறை இது: பேட்டி வேண்டும் நிருபர் முன்கூட்டியே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மாணவனின் விடுதிக்கோ வகுப்புக்கோ நேரே போகக் கூடாது, பாடவேளைக்கு இடையூறில்லாத நேரத்தை அலுவலகம் குறித்துத் தரும். வாரத்துக்கொரு நாள் பயிற்சியாளர் நிருபர்களைக் கூட்டிப் பேசுவார். பந்தயம் முடிந்தபின் சிறிது நேரம், பெரும்பாலும் பத்து நிமிடம், ஆட்டக்காரரைத் தனியே விட்டுவிடுவார்கள். தோல்வியின் சூடு ஆறட்டும் என்பதே கருத்து. பயிற்சியின் முதற்பகுதியை மட்டும் பார்க்க விட்டுப் பின்னர் கதவை அடைத்துவிடுவதும் உண்டு. சில அணிகளில் முதலாண்டு மாணவர் பேசக் கூடாது. வேறு சிலவற்றில் தலைமைப் பயிற்சியாளர் ஒருவரே பேசுவார், துணைப் பயிற்சியாளர் வாய் திறவார்.

பெண் நிருபர்களின் உரிமையும் இக்காலத்தில் எழுந்தது. உடை மாற்றும் அறைகளில் பேட்டி எடுக்கும் வழக்கம் அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 1978-இல் மெலிசா லட்கி என்னும் நிருபர், தொழில்முறைப் பேஸ்பால் ஆட்டத்தைச் சார்ந்த ஒரு வழக்கில் நியூயார்க் நகரில் வெற்றி பெற்றார். ஆண் நிருபருக்குத் திறக்கும் கதவு பெண் நிருபருக்கும் திறக்க வேண்டும் என்ற கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. தனிப் பேட்டி அறை அமைப்பது இதற்கு எளிய வழியாயிற்று. அங்கே யாவரும் சமம்.

விதிகள் ஒன்றாக இருப்பினும் அவற்றை ஆளும் நோக்கங்கள் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு இரண்டு உதாரணங்களை அருகருகே வைத்துக் காட்டுகிறேன்.

முதலாவது, ஜார்ஜ்டவுன் பல்கலைக் கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன். 1972 முதல் 1999 வரை அவர் அங்கே பணியாற்றினார். 1984-இல் தேசியப் பட்டம் வென்று, அவ்வெற்றி கண்ட முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் என்ற பெருமை எய்தினார். அவருடைய பயிற்சிக்கூடம் அடைத்த கதவுடையது; மாணவர்களிடம் நிருபர்கள் எளிதில் நெருங்க முடியாது. இது வீண் சந்தேகம் என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. ஆனால் அவரிடம் நான்காண்டும் தங்கிய மாணவரில் 100-க்கு 97 பேர் பட்டம் பெற்று வெளியேறினார்கள். காற்றுப் போன பந்து ஒன்றைத் தம் மேசையில் வைத்திருப்பார். பந்தில் காற்று ஒருநாள் போகும். அதன் பின் எதைக் கொண்டு வாழ்வாய் என்பதே அது மாணவனிடம் கேட்ட கேள்வி. நிருபர்களுக்குக் குறை இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதவின் உட்புறத்தில் ஒரு மாணவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

இரண்டாவது, வயோமிங் பல்கலைக் கழகம். 1969 அக்டோபரில் அதன் அணி தோல்வியறியாது விளங்கியது. பிரிகம் யங் பல்கலைக் கழகத்தோடு ஆட வேண்டிய தருணம். அப்பல்கலைக் கழகத்தை நடத்தும் சமயச் சபை, கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் மறுத்து வந்தது. இதைக் கண்டிக்கக் கறுப்புப் பட்டை அணியலாமா என்று கேட்க, 14 கறுப்பின ஆட்டக்காரர்கள் அக்டோபர் 17-இல் பட்டை கட்டிக்கொண்டே பயிற்சியாளர் லாயிட் ஈட்டனிடம் சென்றார்கள். ஆட்டக்காரர் எவரும் கிளர்ச்சியில் சேரக் கூடாதென்பது அவர் விதி. பதினால்வரும் அன்றே அணியிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்கும் வெற்றி பெறவில்லை. அணியோ வீழ்ச்சியுற்றது, 1970-இல் ஒரே ஒரு பந்தயத்தில் வென்று ஒன்பதில் தோற்றது. பல்கலைக் கழகம் முறைப்படி மன்னிப்புக் கேட்க 2019 வரை ஐம்பது ஆண்டு கழிய வேண்டியிருந்தது.

தாம்சன் வெளியார் மாணவனைத் தொல்லைப்படுத்தாதபடி கதவை அடைத்தார். ஈட்டன் மாணவனே பேசாதபடி அடைத்தார். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டு கதவும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. இதுவே இவ்வரலாறு முழுவதற்கும் திறவுகோல் என்பது என் கருத்து.

இணையம் வந்தபின் கதவு மட்டும் அடைத்துப் பயனில்லாது போயிற்று. ஒவ்வொரு மாணவன் கையிலும் ஓர் அச்சுக்கூடம் இருப்பது போலாயிற்று. சில பயிற்சியாளர்கள் பருவம் முடியும்வரை மாணவர் இணையத்தில் எழுதவே கூடாதென்று தடை விதித்தார்கள். ஆனால் 2015 நவம்பர் 7-இல், இனப் பிரச்சினைகளைத் தலைவர் கவனிக்கவில்லை என்று மனம் கசந்த மிசூரிப் பல்கலைக் கழக ஆட்டக்காரர்கள், அவர் பதவி விலகும்வரை ஆடமாட்டோம் என்று ‘ட்விட்டர்’ தளத்தில் ஒரு படத்தோடு அறிவித்தார்கள். பயிற்சியாளர் அவர்களைத் தடுக்கவில்லை, உடன் நின்றார். தலைவர் 9-ஆம் நாளே பதவி விலகினார். 1969-இல் பதினால்வருக்கு நேர்ந்ததையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவரின் சொல்லுக்கு ஏற்பட்ட வலிமை புலனாகும்.

ஆயினும் பழைய ஆபத்து நீங்கவில்லை. 2018 மே மாதம் மேரிலாந்துப் பல்கலைக் கழகத்தில் 19 வயது மாணவர் ஒருவர் பயிற்சியின்போது கடும் வெப்பத்தால் நிலைகுலைந்து, ஜூனில் உயிரிழந்தார். அந்த அணியில் நிலவிய அச்சமூட்டும் சூழ்நிலையைப் பற்றி உள்ளிருந்தவர்கள் பெயர் சொல்லாமல் நிருபர்களிடம் கூறியவை ஆகஸ்டில் வெளிவந்தன. சில நாட்களில் பல்கலைக் கழகத் தலைவர், சட்டப்படியும் அறப்படியும் பொறுப்பைத் தம் நிறுவனம் ஏற்பதாக அறிவித்தார். 2023 ஜூலையில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக் கழக அணியில் இளைய மாணவர்கள் இழிவுபடுத்தப்படுவதாகப் புகார் எழுந்தது. நிர்வாகம் முதலில் பயிற்சியாளரை இரண்டு வாரம் மட்டும் விலக்கி வைத்தது. மறுநாள், முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் கூறிய விவரங்கள் வெளிவந்தன. வெளியிட்டது பெரிய நகரத்துப் பத்திரிகையன்று; அப்பல்கலைக் கழக மாணவர்களே நடத்தும் நாளேடு. இரண்டு நாளில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தமக்கு அவை தெரியாதென்று அவர் மறுத்து வழக்குத் தொடர்ந்தார். 2025-இல் அது சமரசத்தில் முடிந்தது. 1905-இல் பத்திரிகைகள் செய்த பணியை 2023-இல் மாணவர் ஏடு செய்தது.

இன்று வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2021 ஜூலை முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திப் பணம் பெறலாம். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26 கல்வியாண்டுக்கு ஒரு கல்லூரிக்குரிய உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். மாணவன் தன் பெயருக்கு விலை பெறும்போது, ‘இவன் சிறுவன், இவனுக்காக நாங்கள் பேசுகிறோம்’ என்று கல்லூரி கூறுவது முன்போல் எடுபடுமா? அதே சமயம், விளம்பரத்துக்குப் பேசும் வாய் உண்மைக்கும் பேசுமா? இவ்வினாக்கள் வருங்காலத்துக்கு உரியவை.

நெடுங்காலம் மாணவரிடையே வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று கூறி முடிக்கிறேன். பதினெட்டு வயது இளைஞனைத் தோல்வியுற்ற அந்த நொடியில் பத்து ஒலிவாங்கிகளுக்கு முன் நிறுத்துவது இரக்கமற்ற செயல். அவனுக்குப் பத்து நிமிட அமைதியும், படிக்க நேரமும், பேச மறுக்கும் உரிமையும் தருகின்ற விதியை நாம் போற்ற வேண்டும். ஆனால் அவன் அடிபட்டதையோ அவமானப்பட்டதையோ வெளியில் சொல்லக் கூடாதென்னும் விதி எத்தனை இனிய பெயர் பூண்டு வந்தாலும் அது பாதுகாப்பாகாது. விதியின் பெயரைக் கேட்டு நின்றுவிடாதீர்கள். இக்கதவை அடைப்பதால் நன்மை மாணவனுக்கா, நிறுவனத்துக்கா என்று கேளுங்கள். அதைத் திறக்கும் உரிமை அவன் கையிலும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்களில் சிலர் நாளை ஆட்டக்காரராகலாம், சிலர் நிருபராகலாம், சிலர் கல்லூரி நடத்துவோராகவும் ஆகலாம். எந்தப் பக்கம் நின்றாலும் இந்த இரண்டு கேள்விகளையும் மறவாதிருப்பீர்களாக.